வெற்றுத்தாளில் பறவை, பறவையில்லாக் கடற்கரை

காட்டுயிரையும் கடலோரத்தையும் வரைகிற ஓவியரை எதைக் கொண்டு மதிப்பிடுவது? உயிரினம் உள்ளபடி இருக்கிறதா என்று பார்ப்பதா, ஓவியம் ஓவியமாக நிற்கிறதா என்று பார்ப்பதா, வரைந்ததால் அந்த உயிருக்கோ கரைக்கோ ஏதும் நன்மை விளைந்ததா என்று பார்ப்பதா? இந்தியாவில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக இதற்கு விடை சொல்லப்பட்டு வருகிறது. ஒவ்வொரு காலமும் தனக்கு வசதியான விடையை எடுத்துக்கொண்டது. மும்பையில் இரண்டு விடைகளுக்கு முகவரியே உண்டு. ஒன்று, 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ‘ஹார்ன்பில் ஹவுஸ்’. மற்றொன்று, 1952-இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் ஓவியக்கூடம். நடந்தால் சில நிமிடத் தொலைவுதான். ஆயினும் கழகத்தின் நூல்களுக்குப் பறவை வரைந்தவர்களின் பெயர் ஓவிய விமர்சனத்தில் அரிதாகவே அடிபடுகிறது. ஓவியக்கூடத்தில் கொண்டாடப்பட்டவர்களைப் பறவை அறிஞர்கள் பொருட்படுத்த நேர்ந்ததும் குறைவு.

மும்பையின் புறநகரான டோம்பிவிலியிலிருந்து பார்க்கும்போது இந்தப் பிரிவினையால் என்ன இழந்தோம் என்பது துலங்குகிறது. ஊருக்கு மேற்கே உல்லாஸ் ஆற்றின் கழிமுகம். தாணேயை நோக்கிச் செல்லும் மின்ரயில் கோபர், திவா, மும்ப்ரா என்று சதுப்பையும் அலையாத்தியையும் ஒட்டியே ஓடுகிறது. சற்றுத் தெற்கே தாணே கழிமுகம். 1990களிலிருந்து அங்கே பூநாரைகள் பெருந்திரளாக வரத் தொடங்கின. 2015-இல் அதன் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமானது, 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இப்படியொரு சேற்றுக்கரையைப் பார்க்க நம் ஓவிய மரபு எந்தக் கண்ணைப் பழக்கித் தந்திருக்கிறது? ஒரு கண் பறவையை வெள்ளைத் தாளில் தனியே எடுத்து வைக்கிறது. இன்னொரு கண் கரையை அழகான காட்சியாக்கி, பறவையைத் தூரத்துப் புள்ளியாக விட்டுவிடுகிறது. இரண்டையும் தனித்தனி அளவுகோலால் அளப்பதால்தான் இரண்டையும் குறைவாக மதிப்பிடுகிறோம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உள்ளபடி வரைதல்

முதல் விடை, நம்பகமே பெருமை என்பது. அதன் தொடக்கத்தை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் காணலாம். 1612-இல் அவர் அனுப்பிய முகர்ரப் கான் கோவாவிலிருந்து சில அரிய உயிரினங்களைக் கொண்டுவந்தார்; அவற்றில் ஒன்று வான்கோழி. தம் பாட்டனாருக்குத் தந்தையான பாபர் விலங்குகளைப் பற்றி எழுதினாரே தவிர ஓவியரைக் கொண்டு வரையச் சொல்லவில்லை, எனவே தாம் இரண்டையும் செய்யப் பணித்ததாக ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். அந்த வான்கோழியை வரைந்தவராகக் கருதப்படும் உஸ்தாத் மன்சூர், சைபீரியக் கொக்கையும் வரைந்தார். ஐரோப்பிய அறிவியல் அந்தக் கொக்குக்குப் பெயரிட்டது 1773-இல். மன்சூரின் தூரிகை அதற்கு நூற்றைம்பது ஆண்டு மூத்தது. அவருடையதாகச் சொல்லப்படும் டோடோ ஓவியத்தை, அற்றுப்போன அப்பறவையின் நிறத்துக்கு இருக்கும் மிகச் சில நல்ல சான்றுகளில் ஒன்றாக இன்றும் பறவையியலார் எடுத்தாள்கின்றனர். உயிருள்ள டோடோக்களைச் சூரத்தில் கண்டதாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மரபில் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கு இருந்த பங்கு விளங்கும். அரண்மனைக்கு வந்த விசித்திர உயிர்களில் பல கப்பலில் வந்தவை.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்த மரபு வேறு கைகளுக்கு மாறியது. கல்கத்தாவில் 1777 முதல் மேரி இம்பே சீமாட்டிக்காக ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய பாட்னா ஓவியர்கள் வரைந்தனர். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தம் அவை ஓவியர்களைக் கொண்டு பறவை, விலங்கு, செடிகொடிகளை வரைவித்தார். சோழமண்டலக் கரை இதில் தனி இடம் பெறுகிறது. பேட்ரிக் ரஸ்ஸலின் பாம்பு நூல் 1796-இலும் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூறைப் பற்றிய நூல் 1803-இலும் வெளிவந்தன. மீன் நூலில் உள்ளூர்த் தெலுங்குப் பெயர்களையும் அவர் சேர்த்தார். சென்னையில் ஜெர்டனின் தென்னிந்தியப் பறவைப் படத்தொகுதி 1843 முதல் 1847 வரை வந்தது. அதற்கும் உள்ளூர் ஓவியர்கள் பங்களித்தனர். ராபர்ட் வைட்டின் தாவரத் தொகுதிகளுக்கு வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரில் கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். ஓவியருக்கு அறிவியல் செய்த மரியாதைகளில் இது அரியது. பின்னாளைய வகைப்பாட்டில் அந்தப் பெயர் நிலைக்காமல் போனது வேறு கதை.

இந்த நிலைப்பாட்டின் பலம் கண்கூடு. கண்ணால் கண்டதை மிகைப்படுத்தாமல் தாளில் இறக்குவது எளிய வேலையல்ல. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வரையப்பட்ட பறவைகளில் பல இறந்தவை, அல்லது கூண்டில் இருந்தவை. பாடம் செய்த பறவையின் இறகு வண்ணம் ஓரளவு தாங்கும். கால், அலகு, கண்வளையம் ஆகியவற்றின் நிறம் விரைவில் மங்கும். மீனுக்கோ கரையேறிய சற்று நேரத்திலேயே நிறம் போய்விடும். ஆக, ‘உள்ளபடி’ என்பது எந்த நேரத்து உள்ளபடி என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. கழுத்து வளைவு, நிற்கும் தோரணை, எடை விழும் கால் ஆகியவற்றை ஓவியர் தம் நினைவிலிருந்தோ கற்பனையிலிருந்தோ நிரப்பியாக வேண்டும். நகலெடுப்பு என்று சொல்லி இந்த மரபை ஒதுக்குவோர் இந்த நிரப்பலைக் கவனிப்பதில்லை. கலை நடக்கும் இடமே அதுதான்.

காட்சியாகக் கரை

இரண்டாவது விடை நிலக்காட்சி ஓவியத்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் போன்றோர் பரப்பிய ‘படம்போன்ற அழகு’ என்ற சுவை, தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரோடு இந்தியாவுக்கு வந்தது. மாமல்லபுரத்தையும் எலிஃபண்டாவையும் அவர்கள் அந்தக் கண்ணாலேயே பார்த்தனர். பம்பாய்க்கு ஜேம்ஸ் வேல்ஸ். 1791, 1792 ஆண்டுகளில் அவர் எடுத்த பன்னிரண்டு காட்சிகள் 1800-இல் அச்சாயின. சயான் கோட்டை உயரத்திலிருந்து அவர் காட்டும் வெளியில் நீரும் திட்டும் பனையுமாக ஒரு தீவு விரிகிறது. இன்று அக்கோட்டைக்குக் கீழே தாராவி. ஹோசே கொன்சால்வெஸ் 1826-இல் வெளியிட்ட கல்லச்சுப் படங்கள் நகரத்தை இன்னும் நெருங்கிக் காட்டின. 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. ஓவியப் பள்ளி இந்தச் சுவையைப் பாடத்திட்டமாக்கியது. அங்கே பயின்ற சாவளாராம் ஹல்தண்கர் போன்றோரின் நீர்வண்ணத் தேர்ச்சியை இன்றும் மராத்தி ஓவிய உலகம் வியந்து பேசுகிறது.

இக்காட்சிகளில் உயிரினம் எங்கே என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முன்புறத்தில் ஒரு மாடு, மூலையில் ஓர் ஆள், வானத்தில் இரண்டு கீற்று. எந்தப் பறவை என்று கேட்பதற்கு இடமில்லை. கரை என்றால் மணல், பாறை, படகு, மாலை வெளிச்சம். வற்றத்தில் பளபளக்கும் சேறு ஓவியத்துக்குள் வருவது அபூர்வம். கோலத்துக்கு ஒத்துவராததை விலக்கும் சுவை இது. மும்பைத் தீவுகளை ஒட்டிய நீர்நிலம் பெரும்பாலும் சேறும் கண்டலும்தான் என்பதால் இந்த விலக்கலின் அளவு சிறிதல்ல. ஆனாலும் வேல்ஸின் படங்கள் இன்று ஆவணமாகப் பயன்படுகின்றன. ஓவியர் அழகுக்காக வரைந்ததை வரலாற்றாய்வாளர் தூர்க்கப்பட்ட கடலை அறியத் துழாவுகிறார். ஒரு படத்தின் பயன் அதை வரைந்தவரின் நோக்கத்தோடு முடிவதில்லை என்பதற்கு இது சான்று.

நவீனரின் ஒதுக்கலும் காலனியக் கணக்கும்

1947-இல் சூசா, ரசா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆகியோர் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியபோது, ஜே.ஜே. பள்ளியின் கல்விமரபு ஓவியம் அவர்களுக்குத் தாண்டவேண்டிய தடையாகத் தெரிந்தது. ரசாவே பம்பாய்த் தெருக்களை நீர்வண்ணத்தில் வரைந்துதான் தொடங்கினார். போகப்போக நிலம் அவருக்கு வடிவமாகவும் வண்ணமாகவும் ஆனது. ஹுசைனின் குதிரைக்கு வேகம் உண்டு, இனம் இல்லை. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்கு முதன்மையாக வளர்ந்தது கோடும் குறியும் சார்ந்த அரூப மொழி. கடற்கரை அவர்களுக்கு வசிப்பிடமாக இருந்த அளவுக்குப் பாடுபொருளாக இல்லை. இதைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒத்திருப்பதே ஓவியத்தின் வேலை என்ற பிடியைத் தளர்த்தியது இவர்களின் சாதனை. ஆனால் அத்தோடு இன்னொரு முடிவும் கேட்பாரின்றிச் சேர்ந்துகொண்டது: இனம் தெரிய வரைகிறவர் கைவினைஞர், கலைஞர் அல்லர் என்பது. அதை யாரும் வாதிட்டு நிறுவியதாகத் தெரியவில்லை, வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

காலனிய ஆய்வு வேறு திசையிலிருந்து வந்து ஏறத்தாழ அதே முடிவை அடைந்தது. மில்ட்ரெட் ஆர்ச்சர் 1962-இல் இந்தியா ஆபீஸ் நூலகத்தின் இயற்கை வரலாற்று ஓவியங்களைப் பட்டியலிட்டபோது, இந்தத் துறைக்கு அடித்தளம் கிடைத்தது. பின்வந்தோர் பேரரசு நிலத்தை அளந்ததுபோல் உயிர்களையும் அளந்தது என்று வாசித்தனர். அதில் உண்மை இருக்கிறது: சேகரித்தவர் பெயர் நூலின் முகப்பில், வரைந்தவர் பெயர் பல இடங்களில் இல்லவே இல்லை. 2019 இறுதியில் லண்டன் வாலஸ் தொகுப்பகத்தில் வில்லியம் டால்ரிம்பிள் ஒழுங்குசெய்த கண்காட்சி, மறைந்துபோன இந்திய ஓவியர்களின் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் ஓவியத்தைப் பேரரசின் பதிவேடாக மட்டும் வாசிப்பதில் ஒரு முரண் உண்டு. ஓவியருக்கு நீதி கேட்கும் வாசிப்பே, அவர் தாளில் எடுத்த முடிவுகளை எசமானரின் கணக்கில் எழுதிவிடுகிறது. ஜைனுத்தீனின் பறவைகளில் முகலாயக் கோடும் ஆங்கிலத் தாளும் சந்திக்கும் விதத்தை எந்தச் சீமாட்டியும் கட்டளையிட்டிருக்க முடியாது.

படக்கருவிக்குப் பின்

கேமரா வந்தபின் இந்த ஓவியம் எதற்கு என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பறவைநோக்கர் கையில் இருக்கும் கையேடே விடை சொல்லும். 1934-இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன், ஒத்த இனங்களை ஒரே தாளில் ஒரே நிலையில் வைத்து, வேறுபடும் இடத்துக்கு அம்புக்குறி போட்டார். ஒளிப்படம் ஒரு பறவையை ஒரு கணத்தில் காட்டும். கையேட்டு ஓவியம் நூறு பறவைகளிலிருந்து பொதுவானதைப் பிரித்தெடுக்கிறது. சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ 1941-இல் வெளிவந்தது. அதன் பின்னாளைய பதிப்புகளுக்குக் கோவாவைச் சேர்ந்த கார்ல் டி’சில்வா வரைந்தார். சாலிம் அலியும் ரிப்ளியும் 1983-இல் வெளியிட்ட படக்கையேட்டின் ஓவியங்கள் ஜான் ஹென்றி டிக்கினுடையவை. இவற்றில் வெள்ளைப் பின்னணி அலட்சியமல்ல. ஒப்பிட வேண்டுமென்றால் மற்றதெல்லாம் அகல வேண்டும். நோக்கத்துக்குள் நின்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இந்த வெள்ளைத்தாளில் பழகிய கண், பறவை என்றால் சேறும் அலையும் இல்லாத ஒன்று என்று எண்ணத் தொடங்குவது வேறு விளைவு.

தமிழர் மத்தியில் இதற்கு மாற்றாக மா. கிருஷ்ணனை (1912–1996) சொல்லலாம். அ. மாதவையாவின் மகன், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை பத்தி எழுதியவர், கறுப்புவெள்ளை ஒளிப்படக்காரர், தம் கட்டுரைகளுக்குத் தாமே மையால் கோட்டோவியம் தீட்டியவர். கேமராவை நன்கறிந்த ஒருவர் பேனாவையும் விடவில்லை என்பது, ஒன்று மற்றொன்றை நீக்கிவிடும் என்ற கருத்துக்குப் போதுமான மறுப்பு.

பாதுகாப்புக்கு உதவுவதால் மதிப்பு என்ற வாதமும் இக்காலத்தது. உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டாச் சின்னத்தை 1961-இல் வடிவமைத்த பீட்டர் ஸ்காட் வாத்து ஓவியர். யானை ஓவியங்களை விற்று நிதி திரட்டினார் டேவிட் ஷெப்பர்ட். நல்ல காரியம்தான், ஆனால் காரியத்தின் நன்மை ஓவியத்தின் நன்மையாகாது. அது மட்டுமன்று: நிதி திரட்டும் ஓவியம் யானை, புலி, பூநாரை என்று கண்ணைக் கவர்வதையே நாடும். சேற்றுப்புழுவுக்கும் கண்டல் விழுதுக்கும் வாங்குவோர் கிடைப்பதில்லை. பூநாரையை வாழவைப்பது அவைதான்.

உயிரும் இடமும்

இவற்றுக்கு அப்பால் இன்னொரு மரபு உண்டு. நெய்தலைப் பாடிய சங்கப் புலவர்களுக்குக் கரை, புன்னை, பறவை, சுறா, பரதவர், பிரிவு எல்லாம் ஒரே திணைக்குள் அடங்கும். ஒன்றைப் பிரித்தால் மற்றது பொருள் இழக்கும். இது கவிதைக் கோட்பாடு, ஓவியக் கோட்பாடு அல்ல என்று ஆட்சேபிக்கலாம். நியாயமே, சங்க காலத்து ஓவியம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. மீனும் வாத்தும் எருமையும் யானையும் மலர் பறிக்கும் மனிதரும் இலைகளுக்கிடையே கலந்து நிற்கிறார்கள். சமணச் சமயக் காட்சிதான். இருந்தும் உயிர்களைக் குளத்திலிருந்து பிரிக்க முடியாதபடி தீட்டியிருக்கிறார்கள்.

டோம்பிவிலிக்கு இன்னும் நெருங்கிய சான்று வார்லி ஓவியம். அதன் தாயகமான டகாணு பகுதி 2014 வரை டோம்பிவிலியோடு ஒரே தாணே மாவட்டத்தில்தான் இருந்தது. செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவால் திருமணத்துக்குப் பெண்கள் தீட்டிய இந்த ஓவியத்தைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர் ஜீவ்யா சோமா மஷே (1934–2018). அவர் பலமுறை வரைந்த மீன்வலைப் படங்களில் வலையே பரப்பை நிரப்புகிறது; மீன், மனிதர், நீர் எல்லாம் அந்தப் பின்னலுக்குள். எந்த மீன் என்று சொல்ல முடியாது. ஆனால் மீனும் மீன்பிடியும் ஒன்றையொன்று எப்படி நெருக்குகின்றன என்பது ரஸ்ஸலின் இருநூறு படங்களைவிட இதில் தெளிவு. இந்த மரபைப் புனிதமாக்குவதும் ஆபத்து: இன்று கோப்பையிலும் கைப்பையிலும் அச்சாகும் வார்லி உருவங்கள் பலவற்றில் அந்த உறவு தேய்ந்து அலங்காரம் மட்டுமே எஞ்சுகிறது.

இரண்டு பக்கத்தையும் இணைத்தவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. ஸ்வீடனின் புரூனோ லில்யேஃபோர்ஸ் கடற்கழுகை அலையோடும் காற்றோடும் சேர்த்தே தீட்டினார். வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீ கரையில் குடியேறிய சார்ல்ஸ் டன்னிக்ளிஃப், இறந்த பறவைகளை இறகு இறகாக அளந்து வரைந்தார். அதே கையால் கரையில் உயிருள்ள பறவைகளை விரைவுக்கோட்டில் பிடித்தார். முதல் வேலை இரண்டாவதற்கு அடித்தளம். துல்லியமும் காட்சியும் எதிரெதிர் அல்ல என்பதற்கு அவருடைய குறிப்பேடுகளைவிட நல்ல வாதம் கிடையாது.

தேயரின் பூநாரைகள்

உயிரையும் இடத்தையும் சேர்த்து வரைவதே அளவுகோல் என்றால் எழும் வலுவான தடை ஒன்று உண்டு. அதுவும் பூநாரையைப் பற்றியது. அமெரிக்க ஓவியர் அபட் தேயர், விலங்குகளின் நிறம் முழுவதும் மறைவதற்கே என்று நம்பினார். 1909-இல் தம் மகனோடு வெளியிட்ட நூலில், அந்திவானத்தின் செம்மையில் கரைந்துபோகும் செம்பூநாரைகளை வரைந்து காட்டினார். ஓவியமாக அது கவர்ச்சியானது. பறவையும் வானும் அதில் பிரிக்க முடியாதவை. ஆனால் பொய். பூநாரைக்குச் சிவப்பு வருவது அது உண்ணும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள நிறமியால். பகலெல்லாம் திறந்த வெளியில் பளிச்சென்று நிற்கும் பறவை அது. தியோடர் ரூஸ்வெல்ட் தேயரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார், பெரும்பாலும் சரியாகவே. அதே தேயர்தான், மேற்புறம் கருமையும் அடிவயிறு வெளுப்புமாக இருக்கும் விலங்கின் உடல் ஒளியில் தட்டையாகத் தெரியும் என்பதையும் ஓவியக் கண்ணால் கண்டு சொன்னவர். அந்த விதியை உயிரியல் இன்றும் ஏற்கிறது.

ஆக, சேர்த்து வரைவது போதாது. அந்தச் சேர்க்கை உண்மையாக இருக்க வேண்டும். இத்தடை என் வாதத்தைத் தகர்ப்பதாக நான் கருதவில்லை, அதற்கு விளிம்பு போடுகிறது. பார்வையாளர் ஓவியரிடம் கேட்க வேண்டியது: இந்த உயிர் இந்த இடத்தில் எப்படி வாழ்கிறது என்று நீ அறிந்தது எது, அதை எந்தத் தேர்வால் எனக்குக் காட்டுகிறாய்? இக்கேள்வியைக் கையேட்டு ஓவியரிடமும் கேட்கலாம், நிலக்காட்சியாளரிடமும் கேட்கலாம், வார்லிச் சுவரிடமும் கேட்கலாம். பதிலின் தரம் மாறும். கேள்வி பொருந்தாமல் போகாது. இது அறிவியலைக் கலைக்குள் திணிப்பதாகும் என்பார் உண்டு. ஆனால் உருவப்பட ஓவியரிடம் முகம் அறிந்தவரா என்று கேட்பதை யாரும் திணிப்பு என்பதில்லை.

தீராதவை

இந்த அளவுகோலை மும்பைக் கரையில் வைத்தால் சிக்கல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. தாணே கழிமுகத்தில் பூநாரை பெருகியதற்கு, கழிவுநீரின் ஊட்டத்தால் பாசி செழித்ததும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். செவ்ரிச் சேற்றில் நிற்கும் பறவைக்குப் பின்னால் செம்பூர்–டிராம்பே பக்கத்துச் சுத்திகரிப்பாலைகள். 2024 ஜனவரி முதல் அடல் சேதுப் பாலமும். இவற்றை நீக்கிவிட்டு ரோஜா நிறக் கூட்டத்தை மட்டும் வரைந்தால் அது வேல்ஸ், டேனியல் வழி. புகைபோக்கிகளை முன்னிறுத்திப் பறவையைப் பலியாகக் காட்டினால், கழிவிலேயே கொழுக்கும் இந்த விசித்திர உண்மை தப்பிவிடும். மாசை வரைந்தும் மாசுக்கு அழகு பூசாமல் இருப்பது எப்படி என்பதற்கு எந்த மரபிலும் முன்மாதிரி தென்படவில்லை.

யார் தீர்ப்பளிப்பது என்பதும் முடியவில்லை. கால் எலும்பு தவறினால் பறவையியலார் கண்டுபிடிப்பார். நீர்வண்ணம் கலங்கினால் ஓவியர் கண்டுபிடிப்பார். ஓதத்துக்கு ஒவ்வாத இடத்தில் பறவை நின்றால் முதலில் கண்டுபிடிப்பவர் கோளி மீனவராக இருக்கக்கூடும். அவருக்கு இதுவரை விமர்சன இருக்கை தரப்படவில்லை. பெயரற்ற ஓவியர்களில் எத்தனை பேருடைய கையை இன்னும் அடையாளம் காண முடியும் என்பதும் தஞ்சை, சென்னைத் தொகுப்புகளை ஓவியமாக வாசிக்கும் ஆய்வு பெருகுவதைப் பொறுத்தது.

துல்லியமான ஆனால் உயிரற்ற தாளா, பிழையான ஆனால் பார்க்கத் தூண்டும் தேயரின் அந்தியா என்று கேட்டால் விடை இன்னும் பிளவுபட்டே இருக்கும். நான் தேயரைப் பிழையோடு சேர்த்துத் தொங்கவிடுவேன், பக்கத்தில் ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் ஒட்டிவைத்து. கையேடு அச்சிடுகிறவர் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.